நாக் அவுட் ஆன பையனை திரும்ப ரிங்குக்குள்ள கொண்டு வர்றது எப்படி

54 செகண்டு. 2008 செப்டம்பர் 6ஆம் தேதி மான்செஸ்டர்ல பிரிட்டிஷ் பாக்ஸர் அமீர் கானோட கதை முடிஞ்சுதுன்னு ஊரே பேசுனதுக்கு ஆன நேரம் அவ்ளோதான். எதிர்ல நின்னது கொலம்பியாவுல இருந்து வந்த ப்ரெய்டிஸ் ப்ரெஸ்காட். அமீருக்கு அப்ப வயசு 21, ப்ரொஃபஷனலா 18 ஃபைட்டு ஆடி பதினெட்டையும் ஜெயிச்சவரு, 17 வயசுலயே ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி வாங்குனவரு. மணி அடிச்சு ஒரு நிமிஷம் முடியிறதுக்குள்ள ரெண்டு தடவ கீழ விழுந்தாரு, முடிஞ்சு போச்சு.

அதே அமீர் கான் 2009 ஜூலை 18ஆம் தேதி, அதே மான்செஸ்டர் அரங்குல, ஆந்த்ரே கோடெல்னிக்க 12 ரவுண்டு பாயிண்ட்ஸ்ல ஜெயிச்சு டபிள்யூபிஏ (உலக பாக்ஸிங் சங்கம்) லைட் வெல்டர்வெயிட் உலக சாம்பியன் ஆனாரு. நடுவுல பத்தே மாசம்தான். அந்த பத்து மாசத்துல என்ன நடந்துச்சுங்கறதுலதான் எனக்கு எப்பவும் கண்ணு.

நான் சின்ன வயசுல மாநில அளவு வரைக்கும் ஆடுனவன், இப்ப சாயங்காலத்துல பசங்க குத்திப் பழகறதுக்கு கையில பேட் மாட்டி பிடிக்கிறேன். நாக் அவுட் ஆன பசங்கள பாத்துருக்கேன், அதுல சில பேரு திரும்ப வந்தாங்க, சில பேரு வரவே இல்ல, வராத பசங்கள்ல பாதி பேருக்கு ஒடம்புல எந்த கொறையும் இல்ல, அவங்கள சுத்தி இருந்த நாங்கதான் வரிசையை மாத்தி செஞ்சுட்டோம். மொதல்ல மூளை, அப்புறம் காரணம், அப்புறம்தான் அடுத்த ஃபைட்டு. இந்த வரிசை மாறுனா எவ்ளோ திறமை இருந்தாலும் பையன் வீணாயிடுவான்னு நான் நம்புறேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொத ரெண்டு நாள்

ஒரு பையன், பேரு வேணாம், 19 வயசு. மூணாவது ரவுண்டுல வலது ஓவர்ஹேண்டு, அதாவது மேல இருந்து சுத்தி வர்ற குத்து ஒண்ணு நெத்திப்பொட்டுல விழுந்து உக்காந்துட்டான். எட்டு எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சான், ரெஃப்ரீ நிறுத்திட்டாரு. டிரெஸ்ஸிங் ரூம்ல அவன் கையில சுத்துன பேண்டேஜை கத்திரில வெட்டிட்டு இருக்கேன், "மாஸ்டர், எத்தனாவது ரவுண்டு?"னு கேட்டான். மூணாவதுடான்னேன். தண்ணி குடிச்சான். இன்னொரு கைய நீட்டிட்டு "மாஸ்டர், எத்தனாவது ரவுண்டு?"ன்னான். அதே குரல், அதே மாதிரி புருவத்தை தூக்கி. நாலு நிமிஷத்துல அஞ்சு தடவ கேட்டான். அவங்க அப்பா பக்கத்துலயே நின்னுட்டு "ரொம்ப வருத்தத்துல இருக்கான் சார், வீட்டுக்கு கூட்டிட்டு போய் தூங்க வைக்கிறேன்"னாரு.

அது வருத்தம் இல்ல, கன்கஷன். மூளை அதிர்ந்து போயிருக்கு, புதுசா எதையும் மனசுல நிறுத்தி வைக்க முடியல. இத எல்லா அப்பா அம்மாவும் தெரிஞ்சு வச்சுக்கணும், மயங்கி விழுந்தாதான் கன்கஷன்னு இல்ல, நின்னுட்டே இருக்குறவனுக்கும் வரும். கேட்டதையே கேக்குறது, வெளிச்சம் கண்ண கூசுறது, நடக்கும்போது ஒரு பக்கமா சாயறது, காரணமே இல்லாம எரிஞ்சு விழறது, இதெல்லாம் அதோட அடையாளம்.

இதுக்கு மேல ஒரு படி இருக்கு, அது உயிர் போற விஷயம். தலவலி நேரம் ஆக ஆக கூடிட்டே போகுது, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்குறான், ஒரு கண்ணோட பாப்பா பெருசாவும் இன்னொண்ணு சின்னதாவும் தெரியுது, பேச்சு குழறுது, ஒரு பக்க கை கால்ல பலம் இல்ல, ஃபிட்ஸ் வருது, எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கறான் — இதுல எது ஒண்ணு இருந்தாலும் யாரையும் கேக்காதீங்க, ஸ்கேன் வசதி இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒடனே தூக்கிட்டு போங்க. மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவுல ரத்தம் கசியலாம், அது மொதல்ல கொஞ்ச நேரம், சில சமயம் மணிக்கணக்கா, ஒண்ணும் காட்டாம அப்புறம் காட்டலாம்.

இந்த அடையாளம் எதுவும் இல்லன்னாலும் ஒரு டாக்டர் பாக்கணும். அன்னைக்கு ராத்திரி தனியா விடக்கூடாது, பைக் எடுக்க விடக்கூடாது, தோத்த சோகத்துல ஃப்ரெண்ட்ஸோட போய் தண்ணி அடிக்க விடவே கூடாது. தலவலிக்கு ப்ரூஃபன், ஆஸ்பிரின் வகையறா நீங்களா குடுக்காதீங்க, ரத்தக்கசிவு இருந்தா அது கூட்டி விட்டுடும், டாக்டர் சொல்ற மாத்திரை போதும்.

அமெச்சூர்ல ரொம்ப நாளா இருக்குற ரூல் என்னன்னா தலையில அடிபட்டு நாக் அவுட் ஆனா, இல்ல ரெஃப்ரீ நிறுத்துனா, குறைஞ்சது 30 நாளு ரிங்கும் கிடையாது, ஸ்பாரிங்கும் (பயிற்சிக்கு ஜிம்ல ஒருத்தரோட ஒருத்தர் ஆடுறது) கிடையாது. மூணு மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவ ஆனா 90 நாளு. ஒரு வருஷத்துல மூணாவது தடவன்னா ஒரு வருஷம். 30ங்கறது குறைஞ்சபட்ச கணக்கு, நம்ம ஆளுங்க அத அதிகபட்சமா எடுத்துக்கிட்டு 31வது நாள் காலைல கிளவுஸ் மாட்டி விடுறாங்க. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. மொத காயம் ஆறாம ரெண்டாவது அடி விழுந்தா மூளை வீங்கிடலாம், அந்த ரெண்டாவது அடி பெருசா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல, சின்ன வயசு பசங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி.

போனை வாங்கி வைங்க

இது சின்ன விஷயம்தான் ஆனா செய்யணும். ஒரு வாரத்துக்கு வீடியோ, கமெண்டு, வாட்ஸ்ஆப் குரூப் எதுவும் வேணாம். ஸ்க்ரீன் பாக்குறதே தலவலிய கூட்டும், அது ஒண்ணு. இன்னொண்ணு, வெளியில இருக்குறவங்க பேசறது எவ்ளோ தப்பா போகும்ங்கறதுக்கு பிரிட்டிஷ் ஹெவிவெயிட் பாக்ஸர் டேனியல் டுபாய்ஸ்ஸ பாத்தா போதும்.

2020 நவம்பர் 28, லண்டன். டுபாய்ஸுக்கு 23 வயசு, அதுவரைக்கும் தோல்வியே இல்ல. ஜோ ஜாய்ஸ் ரவுண்டுக்கு ரவுண்டு ஒரே ஜாப்பை, அதாவது முன்னாடி இருக்குற கையால நேரா விடற குத்தை, இடது கண்ணு மேலயே போட்டுட்டு இருந்தாரு, கண்ணு வீங்கி மூடிக்கிச்சு, பத்தாவது ரவுண்டுல இன்னொரு ஜாப் விழுந்ததும் டுபாய்ஸ் முட்டி போட்டு உக்காந்து எண்ணி முடியிற வரைக்கும் எந்திரிக்கல. முன்னாள் பாக்ஸர்ங்களே அவரை பயந்தாங்கொள்ளிங்கற மாதிரி பேசுனாங்க. அப்புறம் பாத்தா கண்ணை சுத்தி இருக்குற எலும்பு உடைஞ்சிருந்துச்சு. இன்னும் ரெண்டு ரவுண்டு நின்னிருந்தா பார்வை என்ன ஆயிருக்கும்னு யோசிச்சு பாருங்க. அந்த பையன் அன்னைக்கு செஞ்சது சரி, நான் இத யார்கிட்டயும் சத்தமா சொல்லுவேன்.

ஆனா பேரு ஒட்டிக்கிச்சு. 2023 ஆகஸ்ட்ல உலக சாம்பியன் உசிக்கிட்ட ஒன்பதாவது ரவுண்டுல தோத்தப்ப அதே பேச்சு திரும்பவும் வந்துச்சு. அதுக்கப்புறம் அவர் ஜாரெல் மில்லரை பத்தாவது ரவுண்டுல நிறுத்துனாரு, ஹெர்கோவிச்சை எட்டாவதுல, 2024 செப்டம்பர்ல வெம்ப்ளில 90 ஆயிரத்துக்கு மேல கூட்டம் பாத்துட்டு இருக்க ஆந்தனி ஜோஷுவாவை அஞ்சாவது ரவுண்டுல படுக்க வச்சாரு. 2025 ஜூலைல உசிக்கிட்ட மறுபடி தோத்தாரு, அதுவும் கணக்குல இருக்கு. பையன்கிட்ட சொல்ல வேண்டியது இதுதான், பேச்சு நிக்கறதுக்கு நாலு வருஷம் கூட ஆகலாம், அதுக்காக அவசரப்பட்டு ரிங்குல எதையும் நிரூபிக்க போகாத.

ஏன் தோத்தான்?

இதுக்குத்தான் நெறய நேரம் குடுக்கணும், நாம குடுக்கறதோ ரொம்ப கம்மி. "அன்னைக்கு அவன் நாள் இல்ல", "கவனம் சிதறிடுச்சு", "லக்கி பஞ்ச்" — இந்த மூணு வார்த்தையையும் ஜிம்முக்குள்ள தடை பண்ணலாம். தலவலியெல்லாம் போய் பையன் நல்லா தூங்க ஆரம்பிச்சதுக்கப்புறம், ரெண்டு மூணு வாரம் கழிச்சு, நீங்களும் அவனும் மட்டும் உக்காந்து வீடியோ பாருங்க, சவுண்டை அணைச்சுட்டு. விழுந்த அடிய பாக்காதீங்க, அதுக்கு முன்னாடி பத்து செகண்டு பாருங்க. கால் எங்க இருந்துச்சு, கை எங்க இருந்து எங்க திரும்பி வந்துச்சு, அதே தப்பு மொத ரவுண்டுல எத்தன தடவ நடந்துருக்கு. ஒரு நோட்டுல எழுதுங்க.

அமெரிக்க ஹெவிவெயிட் ஜோ லூயிஸ் கதை இதுக்கு பாடமே. 1936 ஜூன் 19, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். 22 வயசு லூயிஸை யாராலயும் தொட முடியாதுன்னு நெனச்சாங்க. ஜெர்மனில இருந்து வந்த மேக்ஸ் ஷ்மெலிங், லூயிஸோட ஃபைட்டு படங்கள உக்காந்து பாத்து ஒரு விஷயத்தை கண்டுபிடிச்சு வச்சிருந்தாரு, லூயிஸ் இடது கை ஜாப் போட்டுட்டு அந்த கைய கீழ விட்டு இழுக்குறாரு, அந்த நேரத்துல வலது கைக்கு வழி தெறந்து கெடக்குது. நாலாவது ரவுண்டுல லூயிஸ் மொத தடவ விழுந்தாரு, 12வது ரவுண்டுல முடிஞ்சு போச்சு. இதுல இன்னொரு பாதியும் இருக்கு, ட்ரெயினிங் கேம்ப்ல லூயிஸ் கோல்ஃப் ஆடிட்டு பயிற்சிய லேசா எடுத்துக்கிட்டாரு. ஆக காரணம் ரெண்டு, ஒண்ணு கை, ஒண்ணு ஒழுங்கு. அவர் மாஸ்டர் ஜாக் பிளாக்பர்னை மாத்தல, ரெண்டையும் அவரோடயே சரி பண்ணாரு. ரெண்டு மாசத்துல ஜாக் ஷார்க்கிய மூணாவது ரவுண்டுல ஜெயிச்சாரு, 1937 ஜூன் 22 உலக சாம்பியன் ஆனாரு, ஆனாலும் ஷ்மெலிங்கை ஜெயிக்காம நான் சாம்பியன்னு சொல்லிக்க மாட்டேன்னாரு. சரியா ஒரு வருஷம் கழிச்சு 1938 ஜூன் 22ல அதே யாங்கி ஸ்டேடியத்துல 124 செகண்டுல முடிச்சாரு.

எல்லாருக்கும் காரணம் கையில இருக்காது. உக்ரைன் ஹெவிவெயிட் விளாதிமிர் கிளிட்ஷ்கோ 1998ல கீவ்ல ராஸ் ப்யூரிட்டிகிட்ட தோத்தது திறமை இல்லாம இல்ல, மொத ரவுண்டுகள்ல எல்லாத்தையும் கொட்டி அடிச்சுட்டு 11வது ரவுண்டுல ஒடம்புல ஒண்ணுமே மிச்சமில்லாம நின்னாரு. அப்பவே அது முழுசா சரியாகல, 2003லயும் 2004லயும் இன்னும் ரெண்டு தடவ அடி வாங்குனாரு. கடைசி தோல்விக்கு கொஞ்சம் முன்னாடி மாஸ்டரா வந்த இமானுவேல் ஸ்டீவர்ட் கூட சேந்து அதுக்கப்புறம்தான் ஆட்டத்தையே மாத்துனாரு, தூரத்துல நிறுத்தி ஜாப், கிட்ட வந்தா கட்டிப்பிடி, மூச்சை மிச்சம் பிடி. பாக்க போரடிக்குதுன்னு சொன்னவங்க இருக்காங்க, ஆனா 2015ல டைசன் ஃப்யூரி வர்ற வரைக்கும் 11 வருஷம் அவரை யாராலயும் ஜெயிக்க முடியல.

நம்ம ஊரு பசங்களுக்கு நான் அதிகமா பாக்குற காரணம் வேற ஒண்ணு, வெயிட். 64 கிலோ பையனை 60ல எறக்கணும்னு ரெண்டு நாளு தண்ணி குடுக்காம பிளாஸ்டிக் சூட்டு போட்டு ஓட விட்டு, வெயிட் போட்டு முடிச்சதும் ரெண்டு இட்லி குடுத்து ரிங்குக்கு அனுப்புறாங்க. ஒடம்புல நீர் வத்துனா ரிஃப்ளெக்ஸ் போயிடும், தலையில அடி வாங்குனா அதோட பாதிப்பும் கூடும். அமீர் கான் கூட லைட்வெயிட்ல, அதாவது 61.2 கிலோல தோத்தவரு, உலகப் பட்டம் ஜெயிச்சது 63.5 கிலோல. பையன் வளர்ற வயசுல இருக்கான், அவனை பழைய வெயிட்லயே பிடிச்சு வைக்காதீங்க.

மாஸ்டரை மாத்தணுமா?

அமீர் மாத்துனாரு, லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஃப்ரெட்டி ரோச்சோட வைல்ட் கார்டு ஜிம்ல சேந்தாரு. லூயிஸ் மாத்தல. ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த மாஸ்டர் தோல்விக்கு தன் பங்கு என்னன்னு வாய தெறந்து சொல்றாரா. "நான் எதிராளிய சரியா பாக்கல, நான்தான் லேட்டா நிறுத்துனேன்"னு சொல்றவரை விட்டு போகாதீங்க. பையன் மேலயே மொத்த பழியையும் போட்டுட்டு மத்த பசங்க முன்னாடி அசிங்கப்படுத்துறவரு எவ்ளோ பெரிய பேர் எடுத்தவரா இருந்தாலும் மரியாதையா கும்புடு போட்டுட்டு வேற ஜிம் பாத்துக்கோங்க.

திரும்ப கிளவுஸ் மாட்டுறது

டாக்டர் ஓகே சொன்னதும் நேரா ஸ்பாரிங் கிடையாது. மொதல்ல நடை, அப்புறம் லேசான ஓட்டம், சைக்கிள். அது முடிஞ்சு தலவலி வரலன்னா ஷேடோ (எதிராளி இல்லாம காத்துல குத்துறது), ஸ்கிப்பிங். அப்புறம் பேக், பேட். ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது ஒரு முழு நாளாவது விடணும், தலவலி, கிறுகிறுப்பு எது வந்தாலும் ஒரு படி கீழ எறங்கணும். தலைக்கு அடி படுற பயிற்சி டாக்டர் திரும்ப ஒரு தடவ பாத்து எழுதிக் குடுத்தப்புறம்தான். ஹெட்கார்டு போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது வெட்டுக்காயத்தை தடுக்கும், மண்டைக்குள்ள மூளை குலுங்குறத தடுக்காது.

மொத ஸ்பாரிங்குக்கு யார நிறுத்துறீங்கங்கறது ரொம்ப முக்கியம். ஜிம்ல எப்பவும் கை வேகமா விடற ஒரு பையன் இருப்பான், அவன் வேணாம். கைய அடக்க தெரிஞ்ச சீனியர் ஒருத்தரை கூப்டுங்க, மொத வாரம் ஒடம்புக்கு மட்டும், அடுத்த வாரம் ஜாப் மட்டும். பயம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு அப்ப தெரியும். எந்த அடில விழுந்தானோ அந்த அடி வர்ற மாதிரி தோள் அசைஞ்சாலே கண்ண மூடிடுவான், இல்லன்னா நேரா பின்னாடி இழுப்பான், தாடை மேல தூக்கிக்கும். திட்டாதீங்க. அதே அடிய பாதி வேகத்துல, கால்வாசி வேகத்துல, நூறு தடவ வரச் சொல்லி அவனை பக்கவாட்டுல எறங்க வைங்க. பயத்தை பேசி போக்க முடியாது, காலுக்கு வேற பழக்கம் குடுத்துதான் போக்க முடியும்.

அமீர்கிட்ட இது தெரிஞ்சது 2010 டிசம்பர் லாஸ் வேகாஸ்ல. அர்ஜென்டினா வீரர் மைதானாவை மொத ரவுண்டுல ஒடம்புல அடிச்சு உக்கார வச்சாரு, ஆனா பத்தாவது ரவுண்டுல மைதானாவோட அடி விழுந்து கால் ரெண்டும் தள்ளாடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடின்னா அங்கயே முடிஞ்சிருக்கும். இந்த தடவ நகந்தாரு, பிடிச்சாரு, தலைய சாச்சாரு, மணி அடிக்கற வரைக்கும் நின்னு பாயிண்ட்ஸ்ல ஜெயிச்சாரு. தாடை அதே தாடைதான், மாறுனது அடி வாங்குன அடுத்த நொடில என்ன பண்றதுங்கறது.

அடுத்த ஃபைட்டு யாரோட

ப்ரெஸ்காட்கிட்ட தோத்து மூணே மாசத்துல அமீர் ஆடுனது ஒய்சின் ஃபேகனோட, ரெண்டாவது ரவுண்டுல முடிஞ்சுது. பெரிய எதிராளி இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த நேரத்துக்கு அதுதான் சரி. அப்புறம் 2009 மார்ச்ல பரேரா, பெரிய பேரு ஆனா வயசான வீரர், தலை மோதி பரேராவுக்கு வெட்டு விழுந்து பாதிலயே ஸ்கோர்கார்டு பாத்து முடிவு சொன்னாங்க, அதனால அந்த வெற்றிய நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். அதுக்கப்புறம்தான் உலகப் பட்டம். ப்ரெஸ்காட்டோட ரீமேட்ச்? கடைசி வரைக்கும் ஆடவே இல்ல. பழி தீத்தாதான் மேல போக முடியும்னு ஒண்ணும் இல்ல.

அமெச்சூர்ல எதிராளிய நாம தேர்ந்தெடுக்க முடியாது, டிராங்கற குலுக்கல்ல விழறதுதான். ஆனா எந்த டோர்னமெண்ட்டுங்கறது நம்ம கையில இருக்கு. நேரா ஸ்டேட் மீட்ல எறக்காம மொதல்ல மாவட்ட அளவுல ரெண்டு பவுட் ஆட விடுங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டா, சர்டிஃபிகேட்னு வீட்ல நெருக்கடி இருக்கும், அது எனக்கும் தெரியும், நெறய பசங்க இந்த வெளையாட்டுக்கு வர்றதே ஒரு ரயில்வே வேலை, போலீஸ் வேலை கெடைக்கும்னுதான். ஒரு சீசன் போனா அடுத்த சீசன் வரும்.

நிறுத்த வேண்டியதும் இருக்கு

முன்ன தாங்குன அடிக்கெல்லாம் இப்ப விழறான், ஸ்பாரிங் முடிஞ்சாலே ராத்திரி தலவலி, பேச்சுல ஒரு தடுமாற்றம், பள்ளிக்கூடத்துல படிச்சது நிக்கல, ஒரே வருஷத்துல ரெண்டு மூணு நாக் அவுட் — அப்ப நரம்பியல் டாக்டரை பாருங்க, அவர் வேணாம்னா வேணாம்தான். அமீர் கானும் 2012ல டேனி கார்சியாகிட்ட நாலாவது ரவுண்டுல, 2016ல கனெலோகிட்ட ஆறாவது ரவுண்டுல விழுந்தாரு. ப்ரெஸ்காட் அன்னைக்கு காட்டிக் குடுத்த பலவீனம் எங்கயும் போகல, அதை வச்சுக்கிட்டே எவ்ளோ தூரம் போக முடியுமோ அவ்ளோ தூரம் போனாரு. எல்லா பையனுக்கும் அவ்ளோ தூரம் இருக்காது. அத அவன்கிட்ட சொல்ற தைரியம் மாஸ்டருக்கு இருக்கணும், சொல்லிட்டு கையோட அவனுக்கு ஜிம்லயே ஒரு வேலையும் குடுக்கணும், பேட் பிடிக்கவோ சின்ன பசங்களுக்கு ஃபுட்வொர்க் சொல்லித் தரவோ.

அந்த 19 வயசு பையன் அஞ்சு மாசம் கழிச்சு ஆடுனான், ஒரு வெயிட் மேல ஏறி, மாவட்ட மீட்ல. மூணுக்கு ரெண்டுன்னு ஜட்ஜுங்க பிரிஞ்சதுல தோத்துட்டான். டிரெஸ்ஸிங் ரூம்ல பேண்டேஜை வெட்டிட்டு இருக்கேன், அவனா பேச ஆரம்பிச்சான். மொத ரவுண்டுல ஜாப் மட்டும் போட்டேன் மாஸ்டர், ரெண்டாவதுல அவன் ஓவர்ஹேண்டு ரெண்டு தடவ விட்டான், ரெண்டு தடவயும் இடது பக்கம் எறங்கிட்டேன், மூணாவதுல கயிறு கிட்ட மாட்டுனது என் தப்பு. எல்லாம் ரவுண்டு ரவுண்டா, ஒண்ணு விடாம, வரிசையா சொன்னான். அவங்க அப்பா அன்னைக்கும் பக்கத்துலயேதான் நின்னுட்டு இருந்தாரு, தண்ணி பாட்டிலை என்கிட்ட குடுத்துட்டு வெளிய போய் கண்ண தொடச்சுட்டு வந்தாரு.